கிணறு வெட்டியவன்

சென்ற ஆண்டு ஒரு நாள், பத்தாந் தரத்தில் கடைசிப் பாடவேளை. பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் கிளைகளில் ஒன்று என்ற நபிமொழியை விளக்கிக்கொண்டிருந்தேன். முள், கல், உடைந்த போத்தல் என வழமையான உதாரணங்களைச் சொல்லி முடித்தாயிற்று. மணியடிக்க இன்னும் நேரம் இருந்தது. பிள்ளைகள் கொட்டாவி விடத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைக் கொஞ்சம் உசுப்பிவிடும் நோக்கில், நமது சட்ட நூல்களில் வருகின்ற ஒரு விடயத்தை எடுத்துச் சொன்னேன். பொதுப் பாதையில் உரிமையில்லாமல் ஒருவன் கிணறு வெட்டுகிறான். வெட்டிவிட்டுப் போய்விடுகிறான். இரவில் அவ்வழியே வந்த ஒருவர் அதில் விழுந்து மௌத்தாகிறார். வெட்டியவன் அவரைத் தள்ளவில்லை. அவரை அவனுக்குத் தெரியவும் தெரியாது. அந்நேரம் அவன் தன் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்திருப்பான். ஆனாலும் அந்த உயிருக்கான நட்டஈடு அவன் பக்கத்தையே சாரும் என்கிறார்கள் இமாம்கள்.

பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"அப்ப சேர், மிதிவெடி தாட்டவங்க?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. கேட்டவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய வாப்பாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை என்பது ஊரறிந்த விடயம். நான் கரும்பலகையைத் துடைத்தேன். நல்ல வேளையாக மணி அடித்தது. அதைச் சாட்டாக வைத்து வகுப்பை விட்டு வெளியேறினேன்.

இருபது வருடத்துக்கு மேலாகக் கற்பிப்பவன் நான். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதற் பாடங்களில் ஒன்று, விடை தெரியாத கேள்விக்கு "தெரியாது, தேடிச் சொல்கிறேன்" என்று நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும் என்பதாகும். அன்று அதைக்கூட நான் சொல்லவில்லை. இக்கட்டுரை அந்தப் பிள்ளைக்கு நான் கொடுக்கத் தவறிய விடையைத் தேடும் ஒரு முயற்சி. வாசகர்கள் அப்படியே இதனை எடுத்துக்கொள்ள வேண்டும்.

*

முசலிப் பிரதேசத்தவர்களுக்கு நான் சொல்லப் போவது புதிதல்ல. ஏனையோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு புத்தளம் நோக்கி நடந்தவர்களில் நானும் ஒருவன். எனது பாடசாலைக் காலம் முழுவதும் ஓலைக் கொட்டில்களிலேயே கழிந்தது. நாங்கள் விட்டுவந்த ஊரில் யுத்தம் குடியேறியது. சிலாவத்துறையில் 1991 இல் பெரும் சண்டை நடந்தது. 2007 செப்டெம்பரில் இராணுவம் அப்பகுதியைக் கைப்பற்றியது. இடையிலிருந்த காலத்தில் எங்கள் வளவுகளும் வயல்களும் குளக்கட்டுகளும் மாறி மாறி இரு தரப்பின் காவலரண்களாயின. காவலரண் என்றால் அதற்கு முன்னால் மிதிவெடி என்றுதான் அர்த்தம்.

2009 இல் யுத்தம் முடிந்து, அதற்கடுத்த ஆண்டளவில் நாங்கள் திரும்பத் தொடங்கினோம். இருபது வருடத்தில் ஊர் காடாகிக் கிடந்தது. எது வீடு, எது வேலி, எது பள்ளிவாசல் என்று அடையாளம் காண்பதற்கு முதியவர்கள் கிணறுகளைத்தான் தேடினார்கள். மரம் வளரும், சுவர் விழும், ஆனால் கிணறு இடம் மாறாது. அப்படித் தன் வீட்டுக் கிணற்றைத் தேடிப் போனவர்தான் என் மாணவனின் வாப்பா. எனக்கு மாமா முறை. சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்து "அபாயம், மிதிவெடி" என்று எழுதிய அறிவித்தல் அந்த வளவுக்கு அப்பால் இருந்தது. வளவுக்குள் இருக்கவில்லை. கிணற்றுக்குப் பத்தடி தூரத்தில் அவர் கால் வைத்தார்.

அந்த மிதிவெடி உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய ஒன்று. அதனுள் இருக்கும் வெடிமருந்து ஒரு தேநீர்க் கோப்பையைக்கூட நிரப்பாது. ஆளைக் கொல்வதற்குப் போதாத அளவு என்பது தற்செயலானதல்ல. செத்தவனை விட்டுவிட்டுப் படை முன்னேறிவிடும்; காயப்பட்டவனைத் தூக்க இரண்டு பேர், சுமக்க ஒரு வாகனம், பார்க்க ஒரு வைத்தியர் வேண்டும். இந்தக் கணக்கு யாரோ ஒருவரால் மேசையில் வைத்துப் போடப்பட்டது. மாமாவின் கால் அந்தக் கணக்கில் சரியாகத்தான் போயிற்று. ஒரேயொரு பிழை, அவர் எந்தப் படையிலும் இருக்கவில்லை என்பதுதான்.

*

பிள்ளை கேட்ட கேள்வியை நான் எங்கள் ஊர் மௌலவியிடம் கொண்டுபோனேன். என்னை விட வயதில் இளையவர், ஆனால் நிதானமாகப் பேசக்கூடியவர். கிணற்று உதாரணத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது என்று அவர் முதலில் நினைவூட்டினார். தன் சொந்த நிலத்தில் வெட்டியவன் மீது குற்றமில்லை. உரிமையின்றி, பிறர் நடமாடும் இடத்தில் வெட்டியவன்தான் பொறுப்பாளி. இவ்வாறு காரணமாக அமைந்து நேரும் மரணத்துக்கும் தியத் என்னும் இரத்தப்பணம் உண்டு. உறுப்புக்கும் கணக்கு உண்டு. இரண்டு கால்களுக்கும் முழுத் தியத், ஒரு காலுக்கு அதில் பாதி. ஆயிரம் வருடத்துக்கு முன்னிருந்த சட்ட அறிஞர்கள் ஒரு மனிதனின் காலை எவ்வளவு பெறுமதியான பொருளாகக் கருதினார்கள் என்பதை அப்போதுதான் நான் யோசித்தேன். காலை இழந்தவனுக்கு அவர்கள் அனுதாபம் தெரிவிக்கச் சொல்லவில்லை. அவனுக்குச் சேரவேண்டியதைக் கொடுக்கச் சொன்னார்கள்.

"ஆனா மாஸ்டர்," என்றார் மௌலவி, "சண்டைக்காரன் உங்களிட்டக் கேப்பான், எனக்கு உரிமை இருந்திச்சு, நான் என்ட காவலரணத்தான் காத்தேன் எண்டு. அதுக்கு என்ன சொல்லுவீங்க?"

இந்த எதிர்வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. இராணுவத்தான் ஒருவனுக்கும் இயக்கப் பொடியன் ஒருவனுக்கும் இரவில் பயம் இருந்திருக்கும். இருளில் ஊர்ந்து வருபவனைத் தடுக்க அந்தச் சிறிய பொருள் அவனுக்கு உதவியிருக்கும். அந்த ஓர் இரவில் அவன் செய்ததை நான் நியாயந்தீர்க்கப் போவதில்லை. ஆனால் துப்பாக்கிக்கும் மிதிவெடிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. துப்பாக்கியைப் பிடித்திருப்பவன் விடிந்ததும் பார்ப்பான். வருபவள் தண்ணிக் குடத்துடன் வரும் ஒரு பெண் என்று கண்டால் விரலை எடுக்கலாம். எடுக்காவிட்டால் அவன் பாவி. எடுத்தால் அவன் மனிதன். மிதிவெடியைத் தாட்டவன் அந்த விரலை வெட்டி மண்ணுக்குள் வைத்துவிட்டுப் போகிறான். அதற்குப் பிறகு அதனைத் தூக்க எவராலும் முடியாது, அவனாலும் முடியாது.

ஷாம் தேசம் நோக்கிப் புறப்பட்ட படைக்கு அபூபக்கர் (ரழி) அவர்கள் இட்ட கட்டளைகளை நாம் மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். பெண்களை, பிள்ளைகளை, முதியவர்களைக் கொல்லாதீர்கள். கனிதரும் மரங்களை வெட்டாதீர்கள். உண்பதற்கன்றிக் கால்நடைகளை அறுக்காதீர்கள் என்பன அவற்றுட் சில. நான் கேட்பது இதுதான். அந்தக் கட்டளைகளை ஒரு படைவீரனிடம் சொல்லலாம், அவன் மீறவும் கூடும், கீழ்ப்படியவும் கூடும். ஒரு மிதிவெடியிடம் எப்படிச் சொல்வது? அது பெண்ணையும் பிள்ளையையும் முதியவரையும் பசுமாட்டையும் பிரித்தறியாது. கீழ்ப்படியவே முடியாத ஒன்றைத் தனக்குப் பதிலாக நிறுத்திவிட்டுப் போகிறவன், தான் கீழ்ப்படியும் வாய்ப்பையும் சேர்த்தே கைவிடுகிறான். மிதிவெடியின் குற்றம் அது கொடியது என்பதில் மட்டும் இல்லை. பீரங்கியும் கொடியதுதான். யுத்தத்தில் ஒழுக்கம் என்று ஒன்று இருக்கலாம் என்ற எண்ணத்தையே அது இல்லாமற் செய்துவிடுகிறது என்பதே எனது எண்ணம்.

மௌலவி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உரிமை இருந்ததெண்டே வச்சிக்குவோம். சண்டை முடிஞ்சாப் பிறகு அந்த உரிமையும் முடிஞ்சிரும். கிணறு மட்டும் மூடப்படாமக் கிடக்கு" என்றார்.

*

அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. வெட்டியவன் யார்?

எமது மாவட்டத்தில் மண்ணிலிருந்து கிளறி எடுக்கப்பட்டவற்றுள் புலிகள் தாமே தயாரித்த "ஜொனி" எனும் மரப்பெட்டி மிதிவெடிகளும் உண்டு. இராணுவம் தாட்ட தொழிற்சாலைத் தயாரிப்புகளும் உண்டு. இந்தப் பின்னைய வகையில் இலங்கையில் பெருமளவில் காணப்பட்ட ஒன்று "பீ-4" எனப்படுவது. அது பாகிஸ்தானில் தயாரிக்கப்பட்டது. இதை முதன்முதலாகக் கேட்டபோது நான் சங்கடப்பட்டேன். மறைக்காமல் சொன்னால், அந்தத் தகவல் பிழையாக இருக்கக் கூடாதா என்று கூட விரும்பினேன். எங்கோ ஒரு முஸ்லிம் நாட்டில் குண்டு விழுந்தால் தொழுகையில் குனூத் ஓதி அழுகிறவர்கள் நாம். அது சரியானதே. ஆனால் எங்கள் வயலில் கிடந்த பொருளின் பிறப்பிடம் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத மௌனம் சரியானதா? மிதிவெடித் தடை உடன்படிக்கையில் பாகிஸ்தான் இன்றுவரை இணையவில்லை. இந்தியாவும் இல்லை. சீனாவும் ரஷ்யாவும் அமெரிக்காவும் இல்லை. மண்வெட்டி விற்றவனைக் கிணறு வெட்டியவனாக நான் சொல்லமாட்டேன். ஆனால் மண்வெட்டிக்குக் கிணறு வெட்டுவது தவிர வேறு வேலைகள் உண்டு. மிதிவெடிக்கு வேறு என்ன வேலை?

தாட்டவர்களில் பெரும்பாலானோர் இன்று இல்லை. புலிகள் அமைப்பு 2009 மே மாதத்தோடு அழிந்துபோயிற்று. அன்று தாட்ட இராணுவச் சிப்பாய், உயிரோடிருந்தால், தெற்கில் ஏதோ ஒரு கிராமத்தில் ஓய்வூதியத்தோடு பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கலாம். அவனும் ஒரு காலை இழந்தவனாக இருக்கலாம். யாரைப் பிடித்துத் தியத் கேட்பது?

இங்கேதான் குற்றத்தையும் கடனையும் நாம் வேறுபடுத்தியாக வேண்டும். குற்றம் ஆளோடு போகும். அதற்குரிய கணக்கு மறுமையில். ஆனால் கடன் ஆளோடு போவதில்லை. ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டால் இவருக்குக் கடன் ஏதும் உண்டா என்று நபியவர்கள் முதலில் விசாரிப்பார்கள் என்பதை நாம் படித்திருக்கிறோம். இறந்தவரின் சொத்தைப் பங்கிடுவதற்கு முன்னர் கடன் கொடுக்கப்பட வேண்டும் என்பது எமது வாரிசுரிமைச் சட்டத்தின் அரிச்சுவடி. அப்படியானால் யுத்தத்தின் சொத்தை யார் வாரிசாகப் பெற்றார்களோ அவர்கள் அதன் கடனையும் பெறுகிறார்கள். நிலம் அரசின் கையில் இருக்கிறது. அதிகாரமும் வரிப்பணமும் அரசின் கையில் இருக்கின்றன. எனவே எவன் தாட்டது என்ற விசாரணை முடியும் வரை காலிழந்தவன் காத்திருக்க வேண்டியதில்லை.

சர்வதேசச் சட்டமும் ஏறத்தாழ இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. 1997 டிசம்பர் 3 இல் ஒட்டாவாவில் கைச்சாத்துக்காகத் திறக்கப்பட்ட மிதிவெடித் தடை உடன்படிக்கை, 1999 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்காக உழைத்த சர்வதேசப் பிரசார இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸ் என்ற பெண்மணிக்கும் 1997 இன் சமாதான நோபல் பரிசு கிடைத்தது. அந்த உடன்படிக்கை, வைத்தது யார் என்று கேட்பதில்லை. எந்த நாட்டின் அதிகாரத்தின் கீழுள்ள மண்ணில் மிதிவெடி இருக்கிறதோ அந்த நாடு அதனை அகற்ற வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்டவரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் சமூகத்தில் அவர் மீண்டும் இணைவதற்கும், உதவக்கூடிய நிலையிலுள்ள நாடுகள் உதவவேண்டும் என்கிறது. இலங்கை இருபது வருடம் தாமதித்து, 2017 டிசம்பர் 13 இல் அதில் இணைந்தது. 2018 யூன் 1 முதல் அது எம்மைக் கட்டுப்படுத்துகிறது. அன்றிலிருந்து பத்து வருடத் தவணை. அதன்படி 2028 யூன் மாதத்துள் இந்நாட்டின் மண் சுத்தமாக வேண்டும்.

நான் இதனை எழுதும்போது ஒரு கசப்பான செய்தியையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. 2025 ஆம் ஆண்டில் எஸ்தோனியா, லத்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் இந்த உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக ஐக்கிய நாடுகள் சபைக்கு அறிவித்தன. எல்லைக்கப்பால் ரஷ்யா நிற்கும் பயம் அவர்களுக்கு. பக்கத்து வீட்டில் நெருப்பெரிவதைக் கண்டவர்களின் பயத்தை நாம் கேலி செய்யக் கூடாது. ஆனால் அவர்கள் தாட்கப் போவது தங்கள் சொந்த மண்ணில். அதில் நடக்கப் போவது அவர்களது பேரப்பிள்ளைகள். முசலிக்கு வந்து பாருங்கள் என்று அவர்களுக்கு எவரேனும் ஒரு கடிதம் எழுதலாம்.

*

இனி என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு டிசம்பர் 3. உலக மாற்றுத்திறனாளிகள் தினம். நான் அப்போது கற்பித்த பாடசாலையில் விழா ஏற்பாடு செய்தோம். பொறுப்பாசிரியர் நான்தான். ஊரிலுள்ள கால் இழந்தோர், பார்வை குன்றியோர் என ஏழு பேரை அழைத்து, மேடையில் ஏற்றி, பொன்னாடை போர்த்தி, அரிசி, பருப்பு, சீனி கொண்ட பொதியொன்றைக் கையளித்தோம். அதிதிகள் பேசினார்கள். படம் பிடித்தார்கள். எனக்கும் மனது நிறைந்திருந்தது.

விழா முடிந்து மாமாவைச் சைக்கிளில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது அவர் சொன்னார்: "மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. மேடைக்கு நாலு படி. ரெண்டு பேர் கக்கத்தில கையக் குடுத்து என்னத் தூக்கினீங்க. புள்ள பாத்துக்கிட்டு இருந்தான். அடுத்த வருசம் பார்சல் வேணாம். அந்தப் படிக்குப் பக்கத்தில சாய்வா ஒரு துண்டு சீமெந்து போடுங்க. நானே ஏறி வாறேன்."

நான் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன். நித்திரை வந்தது. ஆனால் அந்தப் பேச்சு இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. நாங்கள் அவருக்குக் கொடுத்தது ஸதகா. அவர் கேட்டது ஹக். ஸதகா கொடுப்பவனின் மனதைக் குளிரச் செய்யும். எப்போது, எவ்வளவு என்பதைக் கொடுப்பவனே தீர்மானிப்பான். ஹக் அப்படியல்ல. அது கேட்பவனுடையது, கொடுக்காதவன் கடனாளி. செல்வத்தில் யாசிப்பவருக்கும் இல்லாதவருக்கும் அறியப்பட்ட உரிமை உண்டென்று குர்ஆன் கூறும் இடத்தில் வருவதும் ஹக் என்ற சொல்தான். நாம் அதைத் தமிழில் தருமம் என்று மாற்றி வாசிக்கப் பழகிவிட்டோம்.

நாட்டின் சட்டத்திலும் இது உரிமைதான். வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இலேயே நிறைவேறியது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் நுழைவதற்கான வசதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வர்த்தமானியில் வெளிவந்தன. 2011 இல் உயர் நீதிமன்றமும் இதனை வலியுறுத்திக் கட்டளையிட்டது. வலுவிழந்தோர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் 2007 இல் கைச்சாத்திட்ட இலங்கை 2016 இல் அதனை ஏற்றுறுதி செய்தது. இவையெல்லாம் இருந்தும் நான், படித்த ஆசிரியன், நாலு படியைக் காணவில்லை. எனக்கு இரண்டு கால்கள் இருந்தன. படிகள் இரண்டு கால் உள்ளவனின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பள்ளிவாசலிலும் ஒரு சம்பவம். மாமாவுக்கு முதலில் கிடைத்த செயற்கைக் கால் சப்பாத்துடன் கூடியது. அதைக் கழற்றினால் பாதம் நிற்காது. ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் நின்ற ஒருவர், சப்பாத்தோடு உள்ளே வரவேண்டாம் என்று தடுத்தார். அவர் கெட்டவரல்ல, பள்ளியின் சுத்தத்தைப் பேணியவர். மாமா வாசலிலிருந்தே திரும்பிவிட்டார். பிறகு கொஞ்ச காலம் ஜும்ஆவுக்கு வரவேயில்லை.

பின்னர்தான் அவருக்கு ஜெய்ப்பூர் கால் கிடைத்தது. 1968 அளவில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் வைத்தியர் பி. கே. சேதியும் சேர்ந்து றப்பராலும் மரத்தாலும் உருவாக்கிய பாதம் அது. மேற்கத்தேயப் பாதங்கள் சப்பாத்துப் போட்டு, கதிரையில் இருப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. எங்களைப் போன்றவர்கள் வெறுங்காலோடு வயலில் இறங்குபவர்கள், குந்தியிருப்பவர்கள், சம்மணமிட்டுச் சாப்பிடுபவர்கள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வணக்கத்தலத்துக்குள் போகிறவர்கள். அதை உணர்ந்து, விரல்கள் தெரியும்படி, தண்ணீர் பட்டாலும் பழுதாகாதபடி அதனைச் செய்தார்கள். சேதிக்கு 1981 இல் மகசாய்சாய் விருது கிடைத்தது. எந்த மதத்தவர் செய்தார், எந்த மதத்தவர் அணிகிறார் என்பது அந்தப் பாதத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் அணிபவர் எப்படி வாழ்கிறார் என்று செய்தவர் யோசித்திருக்கிறார். ஒருவருக்கு உதவுவதென்றால் முதலில் அவருடைய நாளை அறிந்துகொள்ள வேண்டும் என்பதை நான் எந்தக் கலாசாலையிலும் இவ்வளவு தெளிவாகக் கற்கவில்லை.

உம்மு மக்தூமின் மகன் அப்துல்லாஹ் (ரழி) பார்வையற்றவர். அவர் வந்தபோது முகம் சுளித்ததற்காக நபியவர்களையே கண்டித்து வசனம் இறங்கியது. ஒரு ஸூராவுக்கே அது பெயராயிற்று. இதை நாம் அனைவரும் அறிவோம். பிறகு நடந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நபியவர்கள் அவருக்குப் பொதி கொடுத்து அனுப்பவில்லை. பாங்கு சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள். தாம் மதீனாவை விட்டு வெளியே சென்றபோது அவரையே தமக்குப் பதிலாக நியமித்துச் சென்றார்கள். முகம் சுளித்ததற்குப் பரிகாரம் முகம் மலர்வதோடு முடியவில்லை. அவருக்குரிய இடத்தைக் கொடுப்பதாக அது இருந்தது.

*

கடைசியாக ஒரு விடயம். இதை எழுதத்தான் நான் அதிகம் தயங்கினேன்.

எங்கள் வயற்காணியில் மிதிவெடி அகற்றும் வேலை நடந்தபோது நான் பாடசாலை விட்டு வரும் வழியில் நின்று பார்ப்பேன். முகக் கவசமும் கனமான அங்கியும் போட்டு, நிலத்தில் முழந்தாளிட்டு, பல் வைத்த வாரியால் மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டிக்கொண்டு போவார்கள். ஒரு நாள் முழுவதும் சுரண்டினாலும் ஒரு பாய் விரிக்கும் இடம் சில பாய்கள் விரிக்கும் இடமாகும், அவ்வளவுதான். வெயிலில் அந்த உருவங்களைப் பார்த்து ஆண்கள் என்றுதான் நினைத்தேன். இடைவேளையில் கவசத்தைக் கழற்றியபோது பலர் பெண்கள். வன்னியிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். யுத்தத்தில் கணவனை இழந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

ஒரு நாள் அவர்களில் ஒருவர் தண்ணீர் கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தார். உம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தார். எனக்குள்ளே ஒரு கேள்வி ஊறிக்கொண்டிருந்தது. 1990 இலிருந்து நான் சுமந்துகொண்டிருந்த கேள்வி. அதை அந்தப் பெண்ணிடம் கேட்பதில் எந்த நியாயமும் இல்லை. அப்போது அவர் தவழ்ந்துகொண்டிருந்திருப்பார். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "இதெல்லாம் ஆர் வச்சது எண்டு தெரியுமா தங்கச்சி?" என்று கேட்டேன்.

அவர் தண்ணீரைக் குடித்து முடித்து, செம்பை உம்மாவிடம் கொடுத்தார். "சிலது பாத்தாத் தெரியும் சேர். ஆர் வச்சதெண்டாலும் எடுக்கிற முறை ஒண்டுதான்" என்றார். பிறகு, "உங்கட கிணத்தடி நாளைக்கு முடியும். அதுவரைக்கும் அம்மாவ அந்தப் பக்கம் விடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனது கேள்விக்குள் இருந்த குத்தலை அவர் விளங்கிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. விளங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன். எங்களை விரட்டியது அநீதி. அதனைச் செய்தவர்கள் தமிழ் மக்களின் பெயரால் செய்தார்கள். அதை நான் மறக்கவில்லை, மறக்கச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் என் உம்மாவின் கிணற்றடியில் முழந்தாளிட்டவரும் ஒரு தமிழ்ப் பெண்தான். சம்பளத்துக்குத்தான் செய்தார். நானும் சம்பளத்துக்குத்தான் கற்பிக்கிறேன். பாதையிலிருந்து தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளை என்று நான் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் விளக்கவில்லை, அகற்றினார். அந்த நபிமொழியை இனி நான் கற்பிக்கும்போது அவருடைய முகம் எனக்கு முன்னால் வராமல் இருக்காது.

*

அந்தப் பையனுக்கு நான் விடை சொன்னேன். உடனேயல்ல, சில வாரங்கள் கழித்து. வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். "நீ கேட்டதுக்கு அண்டைக்கு எனக்கு விடை தெரியல்ல. யோசிச்சுப் பாத்தன். தாட்டவன் கடனாளி. அவன் எந்தப் பக்கத்தான் எண்டாலும் கடனாளி. அவன் மௌத்தாகிட்டா அவன்ட சொத்து ஆருட்ட இருக்கோ அவங்க கடனாளி. இன்னொரு ஆளும் இருக்கு. திறந்து கிடக்கிற கிணத்தக் கண்டும் காணாம அந்தப் பக்கத்தால போறவன். அவனும் பதில் சொல்லணும்."

"அப்ப நீங்களும் தானே சேர்?" என்றான் அவன். பிள்ளைகள் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த மாமாவின் மகனும் சிரித்தான்.

"ஓம்," என்றேன்.

எங்கள் பள்ளிவாசலின் வாசலில் இப்போது ஒரு சாய்வுப் பாதை இருக்கிறது. பெரிய செலவில்லை. நாலு மூடை சீமெந்து, ஒரு ரக்டர் மணல், ஊர்ப் பொடியன்களின் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. முன்னர் சப்பாத்தைக் கண்டு தடுத்தவர்தான் தாச்சியைத் தூக்கி நின்றார். ஒரு வயோதிபத் தாய் பிள்ளையின் தள்ளுவண்டியையும் அதனால் ஏற்றிக்கொண்டு வருகிறார். மாமா ஜும்ஆவுக்கு வருகிறார், கதிரையில் இருந்து தொழுகிறார். பாடசாலை மேடைக்கு மட்டும் இன்னும் போடவில்லை. மதிப்பீட்டுப் பத்திரம் அனுப்பியிருக்கிறோம், பதில் வரவில்லை. வரும் டிசம்பர் 3 க்குள் பதில் வராவிட்டால் விழாவை நிலத்தில் வைப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம். மேடையில் இருக்க வேண்டிய அதிதிகளும் அன்று நிலத்தில்தான் இருப்பார்கள்.